மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை: வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உம்ராவுக்குப் பெயர் கொடுத்த பெண்கள் பயணப் பையை அடுக்கும்போது ஒரு மாத்திரை அட்டையையும் சேர்த்து வைப்பது இப்போது வழமையாகிவிட்டது. ரமழானின் கடைசிப் பத்துக்கு, கலியாண வீட்டுக்கு, பிள்ளையின் பரீட்சைக்கு என்றும் கேட்டு வருகிறார்கள். யாழ்ப்பாணத் தீவகத்தில் மருந்தாளராகப் பல வருடங்கள் வேலை செய்தவள் நான். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா நெருங்கும்போது, இந்துச் சகோதரிகளும் இதே மாத்திரையைக் கேட்டு வருவார்கள். வேலணையிலிருந்தும் வருவார்கள், நெடுந்தீவிலிருந்தும் வருவார்கள். தேவை வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

வருகிறவர்களில் அநேகர் கேட்பது, “ஒரு நாளைக்கு எத்தனை போட வேணும்?” என்பதைத்தான். “நான் இதைப் போடலாமா?” என்று முதலில் கேட்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு இந்த மாத்திரை சில நாட்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் சிலருக்கு ஆபத்தானது. அந்தச் சிலரில் தானும் ஒருத்தியா என்பதை மாத்திரை வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு தங்காவிட்டால் புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனின் அளவு குறைகிறது. அப்படிக் குறைந்ததும் உட்சுவர் கழன்று இரத்தத்துடன் வெளியேறுகிறது. அதுவே மாதவிடாய். தள்ளிப்போடும் மாத்திரையில் புரொஜெஸ்தரோனைப் போல வேலை செய்யும் மருந்து இருக்கிறது. அதை எடுக்கும் வரை உட்சுவர் கழலாது. நிறுத்தியதும் இரண்டு மூன்று நாட்களில் இரத்தம் வரும்.

இதற்காக அதிகம் பயன்படுவது நொரெதிஸ்தரோன். கடைகளில் ‘பிறிமோலுட் என்’ என்ற பெயரில் பலருக்கும் பழக்கமானது. 1951 ஒக்டோபரில் மெக்சிக்கோ நகரில் முதன்முதலில் தயாரிக்கப்பட்ட மருந்து இது. அந்நாட்டுக் காடுகளில் விளையும் ஒருவகைக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டே அன்று அதைச் செய்தார்கள். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பாவனையில் இருப்பதால் இதன் நன்மையும் தீமையும் நன்றாக அறியப்பட்டவை.

“கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும்” என்று நம் உம்மாமார் பயப்படுவார்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை. உட்சுவர் கழலாமல் இருக்கிறது, அவ்வளவுதான். “பிறகு பிள்ளை கிடைக்காது” என்பதும் சரியல்ல. மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு தன் வழமைக்குத் திரும்புகிறது. தேசிக்காய்ச் சாறு, வினாகிரி போன்றவற்றால் மாதவிடாய் தள்ளிப்போகும் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

எப்படி எடுப்பது?

வைத்தியர்கள் வழமையாக எழுதும் முறை: 5 மில்லிகிராம் மாத்திரை, நாளொன்றுக்கு மூன்று வேளை. மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாட்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்களுக்கு 12ஆம் திகதி மாதவிடாய் வரவேண்டும். 20ஆம் திகதி வரை வரக்கூடாது என்று விரும்புகிறீர்கள். அப்படியானால் 9ஆம் திகதி காலையில் தொடங்கி 20ஆம் திகதி இரவு வரை எடுக்க வேண்டும். 12 நாட்கள், 36 மாத்திரைகள். 22ஆம் அல்லது 23ஆம் திகதி அளவில் இரத்தம் வரும்.

இதில் பலரும் பிழை விடும் இடங்கள் சில:

* மாதவிடாய்க்கு ஒரு நாள் இருக்கும்போது தொடங்குவது. அப்போது மருந்து வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. இரத்தம் வரத் தொடங்கிய பிறகு எடுப்பதில் பயனில்லை.
* நேரம் தவறுவது. காலை, பகல், இரவு என்று ஒழுங்காக எடுக்காவிட்டால் இடையில் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும். மறந்த மாத்திரையை நினைவு வந்ததும் எடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு போடக்கூடாது.
* படகில் வாந்தி எடுப்பது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்றுக் காலத்தில் வயிற்றைப் பிரட்டும். மாத்திரை போட்டவுடன் வாந்தி எடுத்தால் அந்த மருந்து உடம்பில் சேர்ந்திருக்காது. கரைக்கு வந்து இறங்கிய பிறகு மாத்திரையைப் போடுவது நல்லது.
* இது கர்ப்பத்தடை மாத்திரை என்று நினைப்பது. தள்ளிப்போடுவதற்காகச் சில நாட்கள் எடுக்கும் முறையில் இது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கர்ப்பம் தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்தி ஒரு வாரமாகியும் இரத்தம் வராவிட்டாலும் அதைச் செய்யுங்கள்.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருபவர்களுக்கு எந்த நாளில் தொடங்குவது என்று கணக்குப் பார்ப்பது கடினம். அவர்கள் பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதங்கள் இருக்கும்போதே வைத்தியரைக் காண்பது நல்லது.

ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு வேறு மருந்து தேவைப்படாமலும் போகலாம். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் ‘மிதுரி’ அட்டையில் 21 ஹோர்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் உள்ளன. இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் வாரத்தில்தான் இரத்தம் வருகிறது. அந்த ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையின் ஹோர்மோன் மாத்திரையை உடனே தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும். இதையும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டே செய்யுங்கள். மூன்று மாத ஊசி இதற்குப் பொருத்தமற்றது. ஆரம்பத்தில் எப்போது இரத்தம் வரும் என்றே சொல்ல முடியாதபடி செய்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தலையிடி, குமட்டல், மார்பு நோவு, வயிறு ஊதுதல், மனச்சோர்வு, எரிச்சல் ஆகியவை சாதாரணமாக வரக்கூடியவை. மாத்திரையை நிறுத்தியதும் போய்விடும்.

பயப்பட வேண்டியது இரத்தம் உறைந்து கட்டியாவதற்குத்தான். காலின் ஆழமான நாளத்தில் கட்டி உருவாகி, அது உடைந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிர் போகலாம்.

நொரெதிஸ்தரோனில் ஈஸ்ட்ரஜன் இல்லையே, அப்படியிருக்க ஏன் இந்த ஆபத்து என்று சிலர் கேட்பதுண்டு. இந்த மருந்தின் ஒரு சிறு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் எடுத்தால், அது ஏறக்குறைய 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரஜன் எடுத்ததற்குச் சமமாகலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. சாதாரணக் கூட்டுக் கர்ப்பத்தடை மாத்திரை ஒன்றில் இருக்கும் அளவு அது. ஆகவே கர்ப்பத்தடை மாத்திரை யாருக்குக் கூடாதோ, அவர்களில் பலருக்கு இதுவும் கூடாது. ஆபத்துக் கூடியவர்களுக்கு வைத்தியர்கள் இதற்குப் பதிலாக மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன் என்ற வேறு மாத்திரையை எழுதுவதற்கும் இதுவே காரணம். அது இவ்வாறு மாறுவதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? ஹோர்மோன் மருந்து எதுவும் எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஏறக்குறைய 2 பேருக்கு ஒரு வருடத்தில் இரத்தக்கட்டி வருகிறது என்பது ஐரோப்பிய மருந்து நிறுவனத்தின் கணக்கு. பழைய வகைக் கூட்டு மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர். கர்ப்ப காலத்தில் இதைவிடவும் கூடுதல். எனவே ஆரோக்கியமான ஒரு பெண் பத்து நாட்கள் எடுப்பதால் வரும் ஆபத்து மிகச் சிறியது. அந்தச் சிறிய ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2025 ஓகஸ்டில் இந்திய ஊடகங்களில் ஒரு சம்பவம் பரவலாகப் பேசப்பட்டது. வீட்டில் நடந்த பூசை ஒன்றுக்காக 18 வயது மாணவி ஒருத்தி மூன்று நாட்கள் இப்படியான மாத்திரை எடுத்திருக்கிறாள். காலிலும் தொடையிலும் வலி, வீக்கம். பரிசோதித்தபோது இரத்தக்கட்டி தொப்புள் மட்டம் வரை பரவியிருந்தது. உடனே வைத்தியசாலையில் அனுமதிக்கச் சொன்னபோது வீட்டார் விடியட்டும் என்றார்கள். அந்த இரவிலேயே பிள்ளை இறந்துவிட்டாள். அவளைப் பார்த்த இரத்தக்குழாய் நிபுணர் சொன்ன விபரம் இது. இப்படி நடப்பது மிக அரிது. என்றாலும், கால் வீங்கிய பிறகு காலை வரை காத்திருக்கக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

யார் எடுக்கக்கூடாது?

கீழுள்ளவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் பாமசியில் நேரடியாக வாங்காதீர்கள். வைத்தியரிடம் சொல்லி அவர் முடிவு செய்யட்டும்.

1. முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்கு இளவயதில் அப்படி வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.
2. மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்கள். உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள்.
3. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு இருந்தவர்கள்.
4. ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்கள்.
5. கண்ணில் மின்னல் போலத் தெரிந்து ஒற்றைத் தலையிடி வருபவர்கள்.
6. காரணம் கண்டுபிடிக்கப்படாத இரத்தப்போக்கு உள்ளவர்கள்.
7. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்.
8. உடற்பருமன் அதிகமானவர்கள், புகைப்பவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், எலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவர்கள்.
9. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள். அவற்றில் சில இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடையில் இரத்தம் கசிந்தால், அதை நிறுத்தவென்று ட்ரனெக்சாமிக் அமில மாத்திரையையும் தாமாகவே சேர்த்துப் போடுகிறார்கள். அது இரத்தம் உறைவதற்கு உதவும் மருந்து. இரண்டையும் வைத்தியர் சொல்லாமல் சேர்ப்பது ஆபத்தை வலிந்து வாங்குவது.

பருவமடைந்து ஒன்றிரண்டு வருடங்களே ஆன பிள்ளைகளுக்குப் பரீட்சைக்காகவோ விளையாட்டுப் போட்டிக்காகவோ உம்மாமார் தாமாக மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வலியோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. வைத்தியரிடம் காட்டுங்கள்.

தீவகத்தில் இருப்பவர்கள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

யாழ்ப்பாண நகரில் இருப்பவருக்குக் கால் வீங்கினால் முச்சக்கர வண்டியில் போதனா வைத்தியசாலைக்குப் போய்விடலாம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களுக்குத் தரைவழி இருக்கிறது. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். ஆனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் கடல் இருக்கிறது. இருட்டிய பிறகு வழமையான படகுச் சேவை இல்லை. அவசர நோயாளியைக் கொண்டுவரக் கடற்படையின் படகையோ வேறு விசேட படகையோ ஒழுங்குசெய்ய வேண்டும். அங்குள்ள வைத்தியசாலை முதலுதவி தரும். இரத்தக்கட்டியை உறுதிசெய்யும் ஸ்கேன் பரிசோதனைகளுக்கு யாழ்ப்பாணம் வந்தாக வேண்டும்.

ஆகவே நெடுந்தீவில் இருக்கும் ஒரு பெண் மாத்திரை தொடங்கும் முன் கேட்கும் இரண்டு கேள்விகள், நகரில் இருப்பவர் கேட்பதைவிடப் பெறுமதியானவை. கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கிலும் விசாரிக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே வேலை செய்பவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள்.

உம்ராவுக்குப் போகும் வடபுலத்துப் பெண்களுக்கு இன்னொரு விடயமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போகிறோம். 1990 வெளியேற்றத்துக்குப் பின் புத்தளத்தில் வாழும் உறவுகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. விமான நிலையத்தில் சில மணி நேரம் காத்திருந்து, பிறகு ஜித்தா வரை விமானம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் காட்டியது. அந்தப் பயணத்தில் ஹோர்மோன் மாத்திரையும் சேர்கிறது. கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று நம் பெண்கள் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்கள். எழ முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள்.

இந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

* ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு, சிவப்பு
* திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம்
* திடீரென வந்த கடும் தலையிடி, பார்வை மங்குதல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல்
* கண்ணும் தோலும் மஞ்சளாதல்

மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும், “நான் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆண் வைத்தியர் என்று கூச்சப்பட்டு இதை மறைத்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் நேரம் வீணாகும்.

மார்க்கம் கட்டாயப்படுத்தியிருக்கிறதா?

நான் ஆலிம் அல்ல. ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியிருப்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். உடம்புக்குத் தீங்கில்லை என்றால் இப்படியான மருந்தை எடுக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தவாபுக்காக ஹைழை நிறுத்தும் மருந்து பற்றி இப்னு உமர் (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது அதில் அவர்கள் குற்றம் காணவில்லை என்ற அறிவிப்பும் உண்டு. தீங்கு உண்டென்று வைத்தியர் சொன்னால் அந்த அனுமதி இல்லை.

அதேவேளை, எடுத்தே ஆக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இறுதி ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸரிப் என்ற இடத்தில் ஆயிஷா (ரழி) அவர்களுக்கு ஹைழ் வந்து அழுதபோது, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். ஸஃபிய்யா (ரழி) அவர்களுக்கு வந்தபோது விடைபெறும் தவாப் மன்னிக்கப்பட்டது. ரமழானில் விடுபட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்யலாம். அதில் குற்றமுமில்லை, குறையுமில்லை. எனவே நோன்புக்காக ஒரு மாதம் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டிய தேவை இல்லை. குறுகிய நாட்களில் முடித்துத் திரும்ப வேண்டிய ஹஜ், உம்ராப் பயணத்தின் நிலை வேறு. அங்கே ஒரு பெண் மாத்திரையை நாடுவதற்கு நியாயம் இருக்கிறது.

மாத்திரை எடுத்தும் இடையில் இரத்தம் கசிந்தால் அது ஹைழா, இஸ்திஹாழாவா என்ற கேள்வி வரும். கடைசியாக ஹைழ் முடிந்த திகதி, கசிவு தொடங்கிய திகதி, எத்தனை நாள் நீடித்தது என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு ஆலிமிடம் கேளுங்கள். நம் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு ஹைழுக்கு இடைப்பட்ட சுத்தம் குறைந்தது 15 நாட்கள் என்ற கணக்கு இருப்பதால், திகதி தெரியாமல் பதில் சொல்வது அவர்களுக்கும் கடினம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா, வயது நாற்பதைத் தாண்டியவர், உம்ராவுக்கு ஆயத்தமானபோது மாத்திரை கேட்டு வந்தார். வேறொரு கடையில் எதுவும் கேட்காமல் கொடுக்க இருந்தார்களாம், கையில் காசு குறைந்ததால் வாங்காமல் வந்திருக்கிறார். கதைத்துப் பார்த்ததில், கடைசிப் பிள்ளை சிசேரியனில் பிறந்தபோது காலில் இரத்தக்கட்டி வந்து மாதக்கணக்கில் மருந்து எடுத்தவர் என்று தெரிந்தது. வைத்தியரிடம் அனுப்பினேன். எந்த ஹோர்மோனும் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். தாத்தா மாத்திரை இல்லாமலே போனார். மக்காவில் மூன்றாம் நாள் ஹைழ் வந்தது. அறையில் இருந்து திக்ரும் துஆவுமாக ஆறு நாட்கள் காத்திருந்து, சுத்தமான பிறகு தவாப் செய்து முடித்துத் திரும்பினார். குழுவின் பயண ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் நாட்கள் ஒத்துவந்தன. இப்படி முன்கூட்டியே சொல்லி வைப்பதை மற்றப் பெண்களும் செய்யலாம்.

ஆண்களுக்கும் ஒரு சொல்

பல வீடுகளில் மாத்திரையை வாங்கி வருவது கணவரோ மகனோதான். பாமசியில் மனைவியின் நோய் விபரம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. இது வைத்தியரின் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. முடியுமானவரை மனைவியை அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் பயணச் செலவையோ குடும்ப நிகழ்வையோ காட்டி வற்புறுத்தாதீர்கள். விழுங்குவது அவர், பக்கவிளைவைத் தாங்குவதும் அவர்தான்.

உம்ராக் குழுக்களை ஒழுங்குசெய்பவர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பயண வழிகாட்டல் வகுப்பில் இஹ்ராம் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு பெண் வைத்தியரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்து இந்த விடயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பயணத்துக்கு ஆறு வாரங்கள் இருக்கும்போதே அதைச் செய்தால், மாத்திரை எடுக்கக்கூடாதவர்கள் வேறு ஏற்பாடு செய்யவும், எடுக்கக்கூடியவர்கள் சரியான நாளில் தொடங்கவும் அவகாசம் கிடைக்கும்.